வரப்புக் கரடிக்கு நான் வைத்த வில்

திருக்கடையூரில் எங்களுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்த அன்று நான் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. புதுப் புடவை, கழுத்தில் மாலை, பக்கத்தில் மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர். பிள்ளைகளும் சம்பந்திகளும் வரிசையாக வந்து எங்கள் தலையில் கலசத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, பின்னால் தூணோரம் நின்றுகொண்டு என் கொழுந்தன் சம்பந்தி வீட்டு ஆட்களிடம் கதை சொல்கிறான்.

“அப்பல்லாம் அண்ணன் குவைத்துல. வயலு வாய்க்கா எல்லாம் நான்தான். ஒரு பெருச்சாளி இருந்துச்சு பாருங்க, கரடி கணக்கா! வில்லு வச்சுல்ல புடிச்சேன்.”

என் காதுக்குள் தண்ணீர் ஓடுகிறது. அடுத்த குடம் தலைக்கு மேலே வந்துவிட்டது. குருக்கள் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுந்து “பொய்யி!” என்று கத்த முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போட்டோவைப் பாருங்கள், எல்லாப் படத்திலும் என் முகம் அப்படித்தான் இருக்கும். குளிரில் நடுங்குகிறேன் என்று நினைத்து என் மருமகள் துண்டு கொண்டுவந்து போர்த்தினாள். குளிரா எனக்கு? கொதித்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சை எல்லாம் புத்தகத்தில் வருகிற மாதிரி திருத்தித்தான் எழுதுவேன் என்கிறாள். திருத்தட்டும். ஆனால் வில்லை வைத்தது யார் என்பதை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில். ரயில் போகிற சத்தம் வயலில் நின்றால் கேட்கும். அந்த ரயிலில்தான் எல்லோரும் ஒவ்வொருவராகப் போனார்கள். என் வீட்டுக்காரர் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனார். எங்கள் பக்கத்துக் கிட்டிக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். நல்லதுதான், நானாக இருந்தாலும் போயிருப்பேன்.

கிட்டி என்றால் எலி பிடிக்கிற வில். மூங்கில் பத்தையை வளைத்து, இரண்டு முனையிலும் கயிற்றைக் கட்டி, அந்த நாணை இழுத்து ஒரு சின்னக் குச்சியில் மாட்டி வைப்பார்கள். குச்சிக்குப் பக்கத்தில் இரை. எலி இரையைத் தொட்டால் குச்சி நழுவும், வில் விடும், நாண் கழுத்தில் இறுகும். அவ்வளவுதான். பொழுது சாய வைத்துவிட்டு விடியற்காலையில் போய் எடுப்பார்கள். கிட்டிக்காரர் ஊருக்குப் போகும்போது தன் கிட்டிக் கட்டை எங்கள் மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டு, “தீவாளிக்கு வந்துருவேன் தங்கச்சி, இருக்கட்டும்” என்றார். தீபாவளி வந்தது. அவர் வரவில்லை. எலி வந்தது.

அந்த வருஷம் சம்பாவுக்கு நாற்று விடுவதற்கு முன்னாலேயே என் வீட்டுக்காரர் போனில் ஒரு பேச்சுப் பேசியிருந்தார். “இந்த ஒரு போகம் நீ பாரு. வெளச்சல் சரியா வரலேன்னா தம்பிக்கிட்ட குத்தகைக்கு விட்டுருவோம். பொம்பள தனியா என்ன பண்ணுவே?”

பொம்பளை தனியாக என்ன செய்வாளா? உழவுக்கு ஆள் பிடித்தது யார், நடவுக்குப் பெண்களைத் திரட்டியது யார், முறைத் தண்ணீருக்கு வாய்க்கால் தலைப்பில் போய் நின்று சண்டை போட்டது யார்? இதையெல்லாம் கேட்க நினைப்பதற்குள் போன் அறுந்துவிட்டது. குத்தகைக்கு விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் வயலில் விளைந்த நெல்லை என் உலையில் போட, நான் கொழுந்தன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். என் ஓரகத்தி “இந்தா வரேங்க்கா” என்று உள்ளே போவாள். டிவியில் விளம்பரம் போடுகிறபோதுதான் வெளியே வருவாள். அதற்கு நான் உயிரோடு இருக்க வேண்டுமா?

பயிர் நன்றாகத்தான் வந்தது. நான் பொன்மணி போட்டிருந்தேன். குண்டு நெல், கையில் அள்ளினால் கனக்கும். எனக்கு அடுத்த தாழ்ந்த வயல் கொழுந்தனுடையது. அவன் வெள்ளைப் பொன்னி போட்டிருந்தான், சன்ன ரகம், விலை ஏறும் என்று. மார்கழி பிறந்து கதிர் தலை சாய்கிற நேரம் என் வயலில் குத்துக் குத்தாகப் பயிர் படுக்க ஆரம்பித்தது. அடியில் கடித்துக் கதிரை மட்டும் காணோம். அதோடு விட்டதா? வரப்பைக் குடைந்து, என் வயலில் கட்டியிருந்த தண்ணீரெல்லாம் கொழுந்தன் வயலுக்கு இறங்கிவிட்டது. நான் சண்டை போட்டு வாங்கிய தண்ணீர்!

பக்கத்து வயல் அக்கா ஒருநாள் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு திரும்பும்போது அதைப் பார்த்துவிட்டாள். புல்லுக் கட்டோடு ஓடிவந்தாள்.

“ஏய், எலி இல்லடி அது! பெருச்சாளி. பெருச்சாளியிலயும் இம்மாம் பெருசு நான் பாத்ததில்ல. கறுப்பா, மசிர சிலுத்துக்கிட்டு, என்னப் பாத்து உர்ருங்குதுடி. கரடிடி அது!”

அன்றிலிருந்து அதற்கு வரப்புக் கரடி என்று பேராகிவிட்டது. டீக்கடை வரைக்கும் பேர் போய்விட்டது. நிஜக் கரடியை எங்கள் ஊரில் யாரும் கண்டதில்லை. சர்க்கஸில் பார்த்ததுதான்.

கொழுந்தன் வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு, வரப்பை ஒட்டித் தன் வயலுக்குள் வந்து நின்றான். சட்டையில் செண்ட் கமகமக்கிறது. அதுவும் என் வீட்டுக்காரர் அனுப்பியதுதான்.

“பாத்தீங்களா அண்ணி? ஆம்பள இல்லாத வயலுன்னு எலிக்குக்கூட தெரிஞ்சு போச்சு.”

“எலி வந்து ஒங்கிட்ட சொல்லிச்சா தம்பி?”

“கோச்சுக்காதீங்க. அண்ணன்கிட்ட நான் எடுத்துச் சொல்றேன். பொங்க கழிச்சு நானே பாத்துக்கிறேன். ஒங்களுக்கும் செரமம் இல்ல பாருங்க.”

எனக்குச் சிரமம் இல்லையாம்! என் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நின்று சொல்கிறான்.

மருந்து வைக்கலாம் என்றார்கள். எனக்கு வாத்து இருந்தது. அது வயலுக்குள் எங்கே மேயும், எதைத் தின்னும் என்று யார் கண்டது? மருந்து வேண்டாம் என்று கொட்டகைக்குப் போய்க் கிட்டிக் கட்டை அவிழ்த்தேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கிட்டிக்காரர் வைக்கும்போது வேடிக்கை பார்த்ததுதான். முதல் நாள் நாண் விட்டு என் விரலையே பிடித்தது. நகம் கறுத்துவிட்டது. மாமியார் வாசலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “எலி தப்பிச்சுச்சு” என்றார்.

வறுத்த நெல்லையும் கருவாட்டுப் பொடியையும் பிசைந்து இரை வைத்து, வயல் முழுக்கக் கிட்டி வைத்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் ஒரு கிட்டியும் விடவில்லை. இரை அப்படியே இருக்கிறது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எலிக் கால் தடம் கிட்டி வரைக்கும் வருகிறது, சுற்றிக்கொண்டு போகிறது. என் கருவாட்டை ஓர் எலிகூட மதிக்கவில்லை. ஊரிலேயே நல்ல கருவாடு அது, நாகப்பட்டினத்துக் கூடைக்காரியிடம் வாங்கியது.

மாமியார் சொன்னார்: “பொம்பள வச்ச வில்லு வேற எப்புடி இருக்கும்?”

ஏன், எலி வந்து வில்லை வைத்தது ஆணா பெண்ணா என்று பார்க்குமா? எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே போய் மாட்டுக்குத் தவிடு வைத்தேன். கையில் அள்ளி நீட்டினால் பசு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மூக்கைச் சுளித்துத் தும்முகிறது. அதே தவிட்டைச் சட்டியில் போட்டு வைத்தேன். நக்கி நக்கித் தின்றது.

அப்போதுதான் என் கையை நானே மோந்து பார்த்தேன்.

சோப்பு! கார்த்திகையில் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் ஒருவர் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி கொடுத்து அனுப்பியிருந்தார். பெட்டியைச் சுற்றி நீல நைலான் கயிறு. உள்ளே பவுடர், செண்ட், தைலம், சோப்பு. அந்த சோப்பு இருக்கிறதே, அதன் வாசத்தை என்னவென்று சொல்வேன்! பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் இருப்பவள் திரும்பிப் பார்ப்பாள். சுற்றியிருந்த காகிதத்தைக்கூட நான் எறியவில்லை, புடவைக்கு நடுவில் வைத்திருந்தேன். எங்கள் மாமியார் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கதிர் விட்ட வயல் சூல் கொண்ட பெண் மாதிரி, குளிக்காமல் அதற்குள் இறங்கக் கூடாது. அதனால் நானும் தினம் சாயங்காலம் குவைத்துச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் கிட்டி வைக்கப் போயிருக்கிறேன். ஒவ்வொரு வில்லிலும், ஒவ்வொரு இரையிலும் அந்த வாசம். எலி எப்படி வரும்? எலி ஊருக்குள் போய்க் கல்யாணம் நடக்கிறதா என்று பார்த்திருக்கும்.

பொம்பளை வைத்ததால் வரவில்லை என்றார்களே! அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்றைக்கு வெறும் தண்ணீரில் குளித்தேன். சட்டம் சட்டம்தானே, மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்க்காலில் இறங்கிச் சேற்றை அள்ளி முழங்கை வரைக்கும் தேய்த்தேன். கிட்டிகளையும் சேற்றில் புரட்டி எடுத்தேன். புதுசாக இரை பிசைந்தேன். மறுநாள் விடிய, மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிற நேரம் போய்ப் பார்த்தால், கிட்டிக்குக் கிட்டி எலி. பக்கத்து வயல் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “அடியாத்தி!” என்றாள். எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அவள் போன பிறகும் தனியாக வரப்பில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் வரப்போரம் வைத்த ஒரு கிட்டி மட்டும் ஒடிந்து கிடந்தது. நாணைக் கடித்துத் துப்பியிருக்கிறது. சேற்றில் பெரிய பெரிய தடம். கரடி வந்திருக்கிறது. என் வில் அதற்குப் பல் குத்துகிற குச்சி.

சரி, உனக்கென்று ஒன்று செய்கிறேன் இரு என்று வாய்க்கால்கரை மூங்கில் குத்தில் முற்றின கழியாகப் பார்த்து வெட்டினேன். பிளந்து, சீவி, நெருப்பில் வாட்டி வளைத்தேன். நாணுக்கு என்ன செய்வது? சணல் தாங்காது, கடித்துவிடும். அப்போது பரண் மேல் இருந்த நீலக் கயிறு ஞாபகம் வந்தது, பெட்டியைச் சுற்றி வந்த கயிறு. கடல் தாண்டி வந்த கயிறு ஆயிற்றே, அறுமா? ஆனால் அதிலும் சோப்பு வாசம் ஏறியிருந்தது. இரண்டு நாள் சாணிக் குழியில் புதைத்து வைத்து எடுத்தேன். பேத்தி இதை எழுத முகம் சுளிக்கிறாள். எழுதுடி.

அந்த வில்லை வளைத்து மாட்ட என் இரண்டு கையும் போதவில்லை. ஒரு காலை வைத்து மிதித்து, நெஞ்சால் அழுத்தி மாட்டினேன். ஒரு தடவை நழுவி மணிக்கட்டில் அடித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன். கொழுந்தன் கையில் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்! அதன் தடம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குனிந்து குனிந்து பார்த்தேன். நானும் வாய்க்கால் பக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. கொழுந்தன் வயல் பக்கமிருந்து ஏறி என் வயலுக்குள் இறங்குகிறது. ஏறுகிற இடத்திலேயே வில்லை வைத்தேன். ஒரு முளை அடித்து அதில் கட்டினேன்.

காலையில் பனி. எதிரில் இருக்கிற ஆள் தெரியாது. நான் மட்டும்தான் போனேன், கையில் மண்வெட்டி. பாதி வரப்பு போகும்போதே சத்தம் கேட்டது. உர்ர் உர்ர் என்று பன்றி மாதிரி. முளை ஆடுகிறது, தண்ணீர் தெறிக்கிறது. கிட்டே போனால் நாண் கழுத்துக்குப் போகாமல் தோளோடு மாட்டியிருக்கிறது, உயிரோடு இழுத்துக்கொண்டு கிடக்கிறது. என்னைப் பார்த்ததும் மயிரைச் சிலிர்த்துப் பல்லைக் காட்டியது. திரும்பிப் போய்விடலாமா, யாரையாவது கூப்பிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. யாரைக் கூப்பிடுவேன்? கூப்பிட்டால் யார் வருவான்? அவன்தானே வருவான். வந்து, “நகருங்க அண்ணி” என்பான்.

முளை பிடுங்கிக்கொண்டது. அது வில்லோடு பாய, நான் மண்வெட்டியை இறக்கினேன். ஒரே போடு.

அப்புறம் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பாவமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். அதற்கும் வயிறு இருக்கிறது. ஆனால் எனக்கும் இருக்கிறது.

அது எந்தப் பக்கம் பாய்ந்தது என்று பார்த்தேன். கொழுந்தன் வரப்பு. அங்கே புல் மறைவில் ஒரு வளை, தலை நுழைகிற அகலம். வெட்ட வெட்ட உள்ளே போகிறது. எங்கள் பக்கம் இல்லாதப்பட்டவர்கள் எலி வளையை வெட்டி நெல் எடுப்பது வழக்கம், அதனால் உள்ளே கதிர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தது. கைநிறையக் கைநிறைய எடுத்தேன், கூடை நிறைந்தது. அத்தனையும் குண்டு நெல், என் பொன்மணி. அவனுடைய சன்ன நெல்லில் ஒரு கதிர், பேருக்கு ஒரு கதிர், இல்லை!

நீங்களே சொல்லுங்கள். குடியிருந்தது ஆம்பளை இருக்கிற வயலில். சாப்பிட்டது என் வயலில். பழி யாருக்கு?

அதற்குள் பனி விலகி அவனே வந்துவிட்டான். பெருச்சாளியைப் பார்த்தான், வாயைப் பிளந்தான்.

“யாரு அண்ணி அடிச்சா?”

“இங்க வேற யாரு நிக்கிறா?”

“நீங்களா! சரி சரி, கனமா இருக்கும், குடுங்க. நான் தூக்கிட்டு வரேன்.”

நான்தான் ஏமாந்தேன். கதிர்க் கூடையை எடுக்கவேண்டுமே என்று அதை அவனிடம் கொடுத்துவிட்டேன். அவன் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெரு வழியாக நடந்தான். டீக்கடையில் நின்றான், கோயில் வாசலில் நின்றான். நான் தலையில் கூடையோடு தெருவுக்கு வந்து சேரும்போது ஊரே அவனைச் சுற்றி நிற்கிறது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, “கொழுந்தன் காப்பாத்திட்டாரும்மா ஒன் வெள்ளாமைய” என்கிறார். “நான்தாங்க புடிச்சேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை குவைத்தில் லீவு. அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் நீடாமங்கலத்தில் பாய் வைத்திருந்த போன் கடைக்குக் கூப்பிடுவார். பாய் தொழுகை முடிந்து வந்து கடையைத் திறப்பார், பிறகு போன் வரும். நானும் மாமியாரும் பஸ்ஸில் போனோம். கொழுந்தன் வண்டியில் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். மணி அடித்ததும் அவன்தான் எடுத்தான். எப்போதும் அவன்தான் எடுப்பான்.

“அண்ணே! கரடியப் புடிச்சாச்சுண்ணே. ஆமா, வில்லு வச்சு. நான் பாத்துக்கிட்டேன். ஆனா ஒவ்வொரு தடவையும் நானே வந்து பாக்க முடியுமா, அதான் பொங்க கழிச்சு அந்தக் குத்தகைய...”

ரிசீவரைப் பிடுங்கினேன். பாய், “மெதுவாம்மா, போனு என்னுது” என்றார்.

“என்னங்க, அத புடிச்சது நான்.”

“நீயா?” என்று சிரித்தார் என் வீட்டுக்காரர்.

அந்த ‘நீயா’ இருக்கிறதே, கடல் தாண்டி வந்து என் காதில் விழுந்தது பாருங்கள், அது இன்னும் உள்ளேயே கிடக்கிறது. அறுபதாம் கல்யாணத்துத் தண்ணீரில்கூடப் போகவில்லை.

“நான்தான். நீங்க அனுப்புன பொட்டிக் கயித்துல புடிச்சேன். அது எங்க குடியிருந்துச்சு தெரியுமா? ஒங்க தம்பி வரப்புல. அதுக்குள்ள என்ன நெல்லு இருந்துச்சுன்னு அவனையே கேளுங்க!”

கொழுந்தன் கடையில் தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தான். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், “என்ன நெல்லு? யாராவது சொல்லுங்க, காசு ஓடுது” என்கிறார். அப்போது என் மாமியார் என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

“பொன்மணிடா. கூட நெறைய. நான்தான் காயப்போட்டேன். ஒந் தம்பி நெல்லு ஒரு மணி இல்ல.”

என் மாமியார் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்வார். நெல்லைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டார்.

நானும் ரிசீவரில் காதை ஒட்டிக் கேட்டேன். பிறகு என் வீட்டுக்காரர், “சரி, குறுவையும் அவளே பாக்கட்டும்” என்று அம்மாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, பாருங்கள்! நான் எட்டி ரிசீவருக்குள் சொன்னேன்: “சோப்பு வேணாம். அடுத்த பொட்டிக்கு இன்னுங் கொஞ்சம் கயிறு சேத்துக் கட்டுங்க.”

குத்தகைப் பேச்சு அன்றோடு போயிற்று. அவர் திரும்பி வருகிற வரைக்கும் அந்த வயலை நான்தான் பார்த்தேன்.

தூணோரம் நின்று கதை சொன்னானே, அடுத்த மார்கழியில் நடந்ததைச் சொன்னானா? ஒருநாள் சாயங்காலம் வந்து என் வாசலில் நின்றான். தலையைச் சொறிகிறான்.

“அண்ணி, நம்ம வயல்ல ஒண்ணு எறங்கியிருக்கு. முன்ன வந்ததுக்கு அண்ணன் மாரி இருக்கு. அந்தப் பெரிய வில்ல...”

“ஒன் வயல்லயா? அங்கதான் ஆம்பள இருக்கியே தம்பி.”

“சும்மா இருங்க அண்ணி. வில்ல குடுத்தா மட்டும் போதாது. நீங்களே வந்து வச்சுக் குடுங்க. நான் கூட நின்னு புடிக்கிறேன்.”

எனக்கு வந்த சந்தோஷத்தை நான் காட்டிக்கொள்ளவில்லை. வில்லை எடுத்துக் கொடுக்கப் போனேன். அவன் வாங்கக் கையை நீட்டினான். செண்ட் வாசம் குப்பென்று அடித்தது. வில்லைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“தொடாதே. மொதல்ல போயி வாய்க்கால்ல எறங்கி, சேத்த போட்டு நல்லா தேச்சுக் கையக் கழுவிட்டு வா.”